அருகே நிற்கும் கலம்

நான் பள்ளியில் ஆசிரியனாக இருந்த நாட்களில், நம் நாட்டின் கனிவளங்களைப் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் நடத்துவது வழக்கம். சுவரில் தேசப்படத்தை மாட்டி, மும்பைக்கு மேற்கே நீலக் கடலின்மீது பிரம்பை வைத்து, "இங்கே கடலுக்கு அடியிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள், 1974-ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது, கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர்" என்று கூறுவேன். மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். ஓராண்டு, பின்வரிசையில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் யார் கொண்டுபோவார்கள்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும், "அது கப்பற்காரர் வேலை, தேர்வுக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன்.

ஓய்வு பெற்றபின் இப்பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்தக் கேள்வியின் அருமை எனக்கு விளங்கிற்று. கடலில் எண்ணெய் எடுத்த வரலாற்றை எழுதுவோர், யார் துளையிட்டார், எவ்வளவு ஆழம், எத்தனை பீப்பாய் என்பவற்றை விரிவாக எழுதுகின்றனர். தண்ணீரும் சோறும் இரும்பும் சுமந்து சென்ற படகுகளைப் பற்றி ஒருவரி எழுதி அப்பாற் செல்கின்றனர். உண்மையில், அப்படகுகள் இல்லையேல் ஒரு கிணறும் இல்லை. அதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் உண்டு. கடலில் விபத்து நேர்ந்தபோதெல்லாம், மனிதர் வாழ்ந்ததும் மாண்டதும் பெரும்பாலும் ஒரு கேள்வியையே பற்றி நின்றன: அருகே ஒரு கலம் நின்றதா? நின்றதென்றால் அதற்கு உதவத் தெரிந்ததா? அன்று அந்த மாணவனுக்குச் சொல்லாத விடையை இன்று உங்களுக்குச் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் தேவையை அறிவோம். கடல் நடுவே இரும்புக் கால்களின்மீது நிற்கும் மேடை ஒரு சிற்றூருக்கு ஒப்பாகும். அங்கே நூற்றுக்கணக்கானோர் உண்டு உறங்கி இரவு பகலாக வேலை செய்வர். அவர்களுக்கு உணவு வேண்டும், நன்னீர் வேண்டும், யந்திரங்களுக்கு டீசல் வேண்டும். கிணறு தோண்டத் துளைக்குழாய்களும், தோண்டிய துளை இடிந்துவிடாமல் காக்க உறைகுழாய்களும், அவற்றைச் சுற்றி இறுக்கச் சிமெண்டும் வேண்டும். இவற்றோடு, துளைச்சேறு என்ற ஒன்றும் வேண்டும். களிமண்ணையும் பாரைட்டு என்னும் கனமான கனிமத்தூளையும் நீரிற் கலந்து ஆக்கும் குழம்பு அது. துளைக்கும் அலகைக் குளிர்விப்பதும், உடைந்த பாறைத்துகளை மேலே கொணர்வதும் அதன் வேலை. நிலத்தடியில் அடைபட்டிருக்கும் எண்ணெயும் வாயுவும் பீறிட்டு எழாதபடி தன் பாரத்தால் அமுக்கி வைத்திருப்பதும் அதுவே. ஆகவே சேறு சுமந்து வரும் கப்பல் தாமதித்தால் வேலை தடைப்படுவதோடு நில்லாமல் கிணற்றின் பாதுகாப்பே குன்றக்கூடும்.

கடலில் எண்ணெய் தேடத் தொடங்கிய காலத்தில் இத்தொல்லை இல்லை. 1890-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சம்மர்லாந்து என்னும் இடத்தில், கரையிலிருந்து கடலுக்குள் மரப்பாலங்களை நீட்டி, அவற்றின்மேல் நின்று கிணறு தோண்டினர். அது கடலென்று பெயர்பெற்றதே ஒழிய, கரையின் நீட்சியே ஆகும். பொருள்களைப் பாலத்தின் வழியே கொண்டுசெல்லலாம். 1938-இல் லூயிசியானா மாநிலக் கரையிலிருந்து ஒரு மைலுக்குச் சற்று அப்பால் மெக்ஸிகோ வளைகுடாவில் மேடை கட்டியபோது பாலம் பயன்படவில்லை. தொழிலாளர் இறால் பிடிக்கும் படகுகளில் ஏறிப் போய்வந்தனர்.

கரை கண்ணுக்கு மறையும் தொலைவில் முதன்முதல் வெற்றி கிட்டியது 1947-ஆம் ஆண்டில். கெர்-மக்கீ என்னும் கம்பெனி, வேறு இரு கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து, லூயிசியானாக் கரைக்குப் பத்து மைலுக்கு அப்பால், ஏறத்தாழ 18 அடி ஆழமுள்ள நீரில் ஒரு மேடையை நாட்டிற்று. அம்மேடை மிகச் சிறியது. அதற்குக் காரணம் சிக்கனமே. கிணற்றில் எண்ணெய் இல்லையென்று தெரிந்தால், கட்டிய மேடையெல்லாம் வீணாகும் அன்றோ? எனவே துளையிடும் கோபுரத்தையும் இன்றியமையாத யந்திரத்தையும் மட்டும் மேடையில் வைத்தனர். தொழிலாளர் தங்கும் அறைகள், சேற்றுத் தொட்டிகள், குழாய்கள், பண்டங்கள் முதலியவற்றை, போர் முடிந்து கடற்படை கழித்துவிட்ட ஒரு தட்டைக் கலத்தில் ஏற்றி மேடைக்கு அருகே கட்டிவைத்தனர். எண்ணெய் கிடைக்காவிடில் அக்கலத்தை அவிழ்த்து அடுத்த இடத்துக்கு இழுத்துச் செல்லலாம். அவ்வாண்டு செப்டம்பரில் பெரும்புயல் ஒன்று லூயிசியானாவைத் தாக்கியது. மேடை அதையும் தாங்கி நின்றது, எண்ணெயும் கிடைத்தது. உலகம் மேடையைப் புகழ்ந்தது. அருகே கட்டியிருந்த பழங்கலத்தைப் பற்றிப் பேசியோர் சிலரே. எனினும் கடற்கிணற்றின் துணைக்கலங்களுக்கு அதை ஒரு மூதாதை எனலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் வளைகுடாவில் மேடைகள் பெருகின. அவற்றுக்குப் பண்டம் சுமக்கக் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தினர். இறால் படகுகள், சிப்பி வாரும் படகுகள், இரண்டாம் உலகப்போரில் படைகளைக் கரையிறக்கிய கலங்கள் என எல்லாம் வந்து சேர்ந்தன. அவற்றைச் செலுத்தியவர்களிற் பலர் அக்கரையோரத்து மீனவர். சேறும் மணலும் நிறைந்த அக்கடலின் போக்கு அவர்களுக்குக் கைவந்தது. மார்கன் சிட்டி என்னும் துறைமுக நகரில் 1936 முதல் இறாலுக்காக ஒரு திருவிழா நடந்துவந்தது. 1967-இல் அதனோடு பெட்ரோலியத்தையும் சேர்த்து, இறால்-பெட்ரோலியத் திருவிழா என்று பெயரிட்டனர். வலைவீசிய கைகளே எண்ணெய்த் தொழிலுக்கும் சுக்கான் பிடித்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அந்தப் படகுகள் இவ்வேலைக்காகப் பிறந்தவை அல்ல. நம் கடற்கரை மக்கள் படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் வழங்குவர். பழைய படகுகள் பலவற்றில் சுக்கான் அறை நடுவிலோ பின்னாலோ இருந்தது. சரக்கு வைக்கும் இடம் உள்ளே குழியாக இருந்தது. முப்பது நாற்பது அடி நீளமுள்ள இரும்புக் குழாய்களை அக்குழிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் பெருந்தொல்லை. மேலும், மேடையின் பாரந்தூக்கி சரக்கை எடுக்க வேண்டுமாயின் படகு மேடையை ஒட்டி நிற்க வேண்டும். அலை ஒருமுறை ஓங்கினாற் போதும். படகு மேடைக் காலில் மோதும். வந்து சேர்வதைக் காட்டிலும் அருகே நிற்பது கடினம். இத்தொழிலின் வரலாறு முழுவதும், எப்படி அருகே நிற்பது என்று மனிதர் கற்றுக்கொண்ட வரலாறே என்று நான் கருதுகிறேன்.

இக்கடினத்துக்கு முதல் விடை கண்டவர் ஆல்டன் லபோர்ட் என்பவர். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியிற் பயின்றவர், போரிற் பணிபுரிந்தவர், பின்னர் கெர்-மக்கீ கம்பெனியின் கடற்பணிகளை மேற்பார்த்தவர். கிணறு தோண்டும் மேடையையே இடம்விட்டு இடம் மிதக்கவைத்துக் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் நீரை நிரப்பித் தரையில் அமர்த்தி, வேலை முடிந்ததும் மீண்டும் மிதக்கவைக்கலாம் என்பது அவர் கருத்து. அவருடைய கம்பெனி அதனை ஏற்கவில்லை. அவர் வேலையை விட்டு வெளியேறி, மர்ஃபி குடும்பத்தாரின் பொருளுதவி பெற்று, அத்தகைய மேடையைக் கட்டினார். "மிஸ்டர் சார்லி" என்று பெயரிடப்பெற்ற அம்மேடை 1954-இல் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே வேலை தொடங்கிற்று. இன்று அது மார்கன் சிட்டியில் காட்சிப்பொருளாக நிற்கிறது.

மேடையே ஊர்ஊராகப் போகும்போது, அதற்குப் பண்டம் சுமக்கத் தகுந்த கப்பலும் வேண்டும் அல்லவா? லபோர்ட் அதனையும் எண்ணினார். அவரும் நண்பர்கள் சிலரும் பணம் திரட்டி, 1955-இல் ஒரு கப்பலைக் கட்டுவித்தனர். நீளம் ஏறத்தாழ 120 அடி. "எப் டைட்" என்பது அதன் பெயர். கடல்நீர் வற்றிப் பின்வாங்கும் ஓதத்தை அச்சொல் குறிக்கும். அதன் சுக்கான் அறை முழுவதும் அணியத்துக்குத் தள்ளி அமைக்கப்பட்டது. அதன் பின்னே அமரம் வரை ஒரே சமதளமான திறந்த தளம். பார்த்தவர்களுக்கு அது பாதி கட்டி விட்டுவிட்ட கப்பலைப் போலத் தோன்றியிருக்கக்கூடும். ஆனால் அதன் நுட்பத்தைக் கவனியுங்கள். நீண்ட குழாய்களைத் தளத்தின்மேலே கிடத்தலாம். கப்பல் மேடையை நோக்கிப் பின்புறமாக வந்து நிற்கும். மேடையின் பாரந்தூக்கி தளத்தின்மீது தடையின்றி இறங்கும். மாலுமிகள் தங்கும் அறைகளோ மேடைக்கு எட்ட, அணியத்தில் இருக்கும். அவசரம் நேர்ந்தால் முன்னோக்கி விரைந்து விலகிப் போகலாம். இன்று உலகின் எந்த எண்ணெய்க் கடலுக்குச் சென்றாலும், முன்னே உயர்ந்த வீடும் பின்னே தாழ்ந்த முற்றமுமாக நிற்கும் கப்பல்களைக் காணலாம். அவையெல்லாம் அந்த 120 அடிக் கலத்தின் வழித்தோன்றல்களே.

தளத்துக்குக் கீழே உள்ளவற்றையும் அறிதல் நன்று. நன்னீருக்கும் டீசலுக்கும் தனித்தனித் தொட்டிகள் உண்டு. சிமெண்டுத் தூளையும் பாரைட்டுத் தூளையும் மூட்டை மூட்டையாகத் தூக்குவது பெரும்பாடு ஆதலால், அவற்றைத் தொட்டிகளில் அடைத்து, அழுத்தமூட்டிய காற்றால் குழாய்வழியே மேடைக்கு ஊதி ஏற்றும் முறை பின்னர் வந்தது. பின்வரிசை மாணவன் கேட்ட குடிதண்ணீரும் அவ்வாறே ரப்பர்க் குழாய் வழியாக மேலேறும்.

ஆழம் மிகுந்த கடலுக்குச் செல்லச் செல்ல மற்றொரு தொல்லை எழுந்தது. நங்கூரம் எட்டாத ஆழத்தில் கப்பலை ஓரிடத்தில் நிறுத்துவது எங்ஙனம்? 1961-ஆம் ஆண்டு, மெக்ஸிகோ நாட்டுக்கு மேற்கே, ஏறத்தாழ 3,500 மீட்டர் ஆழமுள்ள கடலில், பூமியின் மேலோட்டை ஆராய்வதற்காக "கஸ் 1" என்னும் கப்பல் துளையிட்டது. திசைதிருப்பக்கூடிய நான்கு உந்திகளை அதிற் பொருத்தி, ஒருவர் கையால் இயக்கி, கப்பலை நகராமல் நிறுத்தினர். அதே ஆண்டில் "யுரேகா" என்னும் சிறு துளைக்கப்பலில் இவ்வேலையை யந்திரமே தானாகச் செய்யும்படி அமைத்தனர். கப்பல் எத்திசையில் எவ்வளவு விலகிற்று என்பதைக் கருவி உணர்ந்து உந்திகளுக்குக் கட்டளையிடும். இம்முறை பின்னாளில் பண்டம் சுமக்கும் கப்பல்களுக்கும் வந்தது. கயிறும் நங்கூரமும் இன்றி மேடைக்கு அருகே நிற்கும் திறமை இவ்வாறு கைகூடிற்று.

இதுவரை கூறியது பொருள்களைச் சுமந்த கதை. இனி உயிர்களைப் பற்றிய கதை. அதற்கு நாம் மெக்ஸிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரைவிட்டு, பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வடகடலுக்குச் செல்லவேண்டும். அங்கே நீர் மிகக் குளிர்ந்தது. அதில் விழுந்தவனை விரைவில் தூக்காவிடில், நீந்தத் தெரிந்தவனும் பிழைப்பது அரிது.

1965-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் கடற்பகுதியில் முதன்முதல் எரிவாயு கண்ட மேடை "சீ ஜெம்" என்பது. அதுவும் ஒரு பழந்தட்டைக் கலத்துக்குப் பத்து இரும்புக் கால்களை வைத்து ஆக்கிய மேடையே. வெற்றியின் மகிழ்ச்சி அடங்குமுன், அதே ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், இடம்பெயர்வதற்கான வேலை நடக்கையில் கால்கள் முறிந்து மேடை கவிழ்ந்தது. செய்தியனுப்பும் கம்பியில்லாத் தந்தி அறையும் கடலுட் போயிற்று. உதவி கேட்க வழியில்லை. தற்செயலாக அவ்வழியே வந்த "பால்ட்ரோவர்" என்னும் சரக்குக்கப்பல் அதைக் கண்டு, அபாயச் செய்தி அனுப்பி, மீட்பிலும் ஈடுபட்டது. மேடையிலிருந்த 32 பேரில் 19 பேர் பிழைத்தனர். 13 பேர் மாண்டனர். அக்கப்பல் அவ்வழியே வந்திராவிடில் என்னாகியிருக்கும்? தற்செயலை நம்பி மனிதரைக் கடலில் வைக்கலாகாது என்ற பாடம் அன்று கிடைத்தது. ஒவ்வொரு மேடைக்கும் அருகே ஒரு காவற்கலம் நிற்கவேண்டும் என்ற ஏற்பாடு அதன்பின் பிரிட்டிஷ் கடலில் நிலைபெற்றது.

ஏற்பாடு நல்லது, ஆனால் அதை நிறைவேற்றிய முறை சிக்கனமானது. மீன்வளம் குன்றி வேலையிழந்த இழுவலைப் படகுகள் பல இக்காவற்பணிக்கு அமர்த்தப்பட்டன. நாட்கணக்காக ஒரே இடத்தைச் சுற்றிவந்து, ஒன்றும் நேராதிருப்பதைக் கண்காணிப்பதே அவற்றின் வேலை. நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்குரிய கருவியும் பயிற்சியும் போதிய அளவில் இல்லை.

இக்குறை எத்தகையது என்பதை 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் உலகம் கண்டது. இது நிகழ்ந்தது வடகடலில் அன்று. அட்லாண்டிக்கின் மறுகரையில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிழக்கே. "ஓஷன் ரேஞ்சர்" என்னும் மாபெரும் மிதக்கும் துளைமேடை கடும்புயலில் சாய்ந்தது. அதன் காவற்கலம் புயலினூடே வந்து சேர்ந்தது. மேடையைவிட்டு வந்த உயிர்காப்புப் படகு ஒன்றையும் கண்டது. கயிறும் எறியப்பட்டது. படகிலிருந்தவர்கள் ஒரு பக்கமாக வெளிவரத் தொடங்க, படகு கவிழ்ந்தது. கப்பலின் மாலுமிகள் சில அடி தூரத்தில் நின்றனர். நீரில் மிதந்தவர்களோ குளிரால் விறைத்து, எறிந்த கயிற்றைப் பற்றவும் மாட்டாதவராய் இருந்தனர். உயர்ந்த கப்பற்பக்கத்திலிருந்து அவர்களைத் தூக்கியெடுக்கும் கருவி கப்பலில் இல்லை. மேடையிலிருந்த 84 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அருகே ஒரு கலம் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆயினும் பயனில்லை. அருகே நிற்பது மட்டும் போதாது, எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஆராய்ந்த அரசாங்க விசாரணைக் குழு வற்புறுத்திற்று.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1988 ஜூலை 6-ஆம் நாள் இரவு, ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே வடகடலில் இருந்த "பைப்பர் ஆல்ஃபா" மேடையில் எரிவாயு வெடித்தது. மேடையில் அன்று 226 பேர் இருந்தனர். தங்குமிடத்தில் கூடியவர்கள் ஹெலிகாப்டர் வருமென்று காத்திருந்தனர். புகை மண்டிய மேடையில் அது இறங்க இயலவில்லை. காத்திருந்தவர்களிற் பலர் அங்கேயே மாண்டனர். கயிறுபற்றி இறங்கியவர்களும் உயரத்திலிருந்து கடலிற் குதித்தவர்களுமே பெரும்பாலும் பிழைத்தனர். அவர்களை நெருப்பின் அடியிலிருந்து அள்ளியெடுத்தவை எவை? பெரிய கப்பல்கள் அல்ல; அக்கப்பல்களிலிருந்து இறக்கப்பட்ட சிறு விரைவுமீட்புப் படகுகளே. அனல் தாங்காமல் கப்பல்கள் விலகி நிற்கையில், இரண்டு மூன்று பேர் ஏறிய அப்படகுகள் மேடையின் கால்களுக்கிடையே சென்றன. "சாண்ட்ஹேவன்" என்னும் கப்பலின் படகு, சிலரை ஏற்றிக்கொண்ட வேளையில் மேலே மற்றொரு குழாய் வெடித்து நெருப்பு கவிந்தது. அப்படகின் மாலுமிகள் மூவரில் இருவர் உயிர்துறந்தனர். மேடையிலிருந்தோரில் 61 பேர் பிழைத்தனர். 165 பேர் மாண்டனர். மீட்கச் சென்ற அவ்விருவரையும் சேர்த்து இறந்தோர் 167 பேர்.

அவ்விருவரும் எண்ணெய் எடுக்கச் சென்றவர்கள் அல்லர். வெடிக்கும் மேடையை விட்டு விலகி ஓட அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. வரலாற்று நூலில் அவர்களுக்கு எத்தனை வரி உண்டென்று நான் தேடிப் பார்த்தேன், மிகச் சிலவே. கல்லன் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 1990-இல் வெளிவந்தது. அதிலுள்ள 106 பரிந்துரைகளில் காவற்கலங்களின் தரத்தைப் பற்றியனவும் அடங்கும். பழைய மீன்படகுகளுக்கு மாறாக, மீட்புக்கென்றே அமைத்த கலங்கள் படிப்படியாக வந்தன. நீரிலிருந்து மனிதரை எளிதில் ஏற்றுதற்குரிய தாழ்ந்த பக்கம், விரைவுப் படகுகள், குளிர்ந்த உடலைப் பேணும் மருத்துவ அறை, பயிற்சி பெற்ற மாலுமிகள் எனத் தேவைகள் வகுக்கப்பட்டன. இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் முன்பு ஒரு துயரம் இருந்தது என்பதை மறவாதீர்கள்.

இப்போது நம் கடலுக்கு வருவோம். 1960-களில் சோவியத் ஆய்வுக்கப்பலின் துணையோடு, மும்பைக்கு மேற்கே கடலடியில் எண்ணெய் இருக்கக்கூடிய அமைப்பைக் கண்டனர். ஜப்பானில் கட்டப்பெற்ற "சாகர் சாம்ராட்" என்னும் துளைமேடை 1974 பிப்ரவரியில் அங்கே எண்ணெய் கண்டது. 1976 மே மாதத்தில் உற்பத்தி தொடங்கிற்று. மும்பைத் துறைமுகத்துக்கு எதிரே நாவா என்னுமிடத்தில் வழங்கல் தளம் அமைந்தது. மணிக்குப் பத்துக் கடல்மைல் செல்லும் கப்பல், அந்த 160 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகும், கணக்கிட்டுப் பாருங்கள். குடிதண்ணீர் போன வழி அதுதான்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு மறுநாள், மழைக்காலக் கொந்தளிப்பினூடே, "சமுத்ர சுரக்ஷா" என்னும் துணைக்கப்பல் மும்பை ஹை வடக்கு மேடையை அணுகிற்று. அது வந்த காரியம் கருணையுடையது. சமையற்காரர் ஒருவர் விரலில் காயமுற்றிருந்தார். ஹெலிகாப்டர் பறக்க இயலாத வானிலை. ஆகவே அவரைக் கப்பலிலிருந்து கூடையில் ஏற்றி மேடையின் மருத்துவரிடம் சேர்க்க வேண்டியிருந்தது. அவரைச் சேர்த்தும் ஆயிற்று. அதன்பின் கப்பல் அலையின் வசப்பட்டது. அதன் ஹெலிகாப்டர்த் தளம், கடலடியிலிருந்து எரிவாயுவை மேலே கொணரும் குழாயில் மோதிற்று. குழாய் உடைந்து வாயு பற்றிக்கொண்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மேடை முழுவதும் எரிந்து அழிந்தது. பின்னர் அக்கப்பலும் மூழ்கிற்று. மேடையிலும் அதனை அடுத்த துளைமேடையிலும் கப்பலிலுமாக இருந்த 384 பேரில் 22 பேர் மாண்டனர். 362 பேர் மீட்கப்பட்டனர். கடற்படையும் கடலோரக் காவற்படையும் அக்கம்பக்கத்திலிருந்த வழங்கல் கப்பல்களும் விரைந்து வந்தமையே அதற்குக் காரணம்.

இந்நிகழ்ச்சி நமக்கு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. அருகே நிற்பதே ஆபத்தாகவும் முடியும். கப்பல் வந்து அணையும் பக்கத்தில் வாயுக்குழாயைக் காப்பின்றி வைக்கலாமா, எத்தகைய அலையில் கப்பல் மேடையை நெருங்கலாம், எந்நிலையில் நெருங்கவே கூடாது என்ற வினாக்களை அது எழுப்பிற்று. ஒருவருடைய விரற்காயத்துக்கு மருந்திடச் சென்றதைக் குறைகூறுவதற்கில்லை. அன்பும் கடலின் அளவை அறிந்து நடக்கவேண்டும் என்பதே பாடம்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2021 மே மாதத்தில், டவ்-தே புயல் அதே கடலைத் தாக்கியது. தொழிலாளர் தங்கியிருந்த "பி-305" என்னும் தட்டைக் கலம் நங்கூரப்பிடி இழந்து அடித்துச் செல்லப்பட்டு, மே 17-ஆம் நாள் மூழ்கிற்று. அதிலிருந்தவர்கள் 261 பேர். எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர்க்கப்பல்களும் வழங்கல் கப்பல்களும் இரவெல்லாம் கொந்தளிப்பிலே நின்று மற்றவர்களை மீட்டன. புயல் வருமுன் கரை சேர்ப்பதா, கடலிலேயே நிற்பதா என்ற முடிவும் வழங்கற்பணியின் ஒரு பகுதியே என்பதை அந்நாள் உணர்த்திற்று. ஆகவே இந்தப் பாடம் இன்னும் முடிந்துவிடவில்லை.

மாணவ நண்பர்களே, இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது எனக்குத் தோன்றுவது இது. லபோர்ட் கப்பலின் வடிவத்தை மாற்றினார். அதனால் சரக்கு எளிதாயிற்று. பொறியறிஞர் நங்கூரமின்றி நிற்கும் வழி கண்டனர். அதனால் ஆழ்கடல் எட்டிற்று. இவை அறிவின் வெற்றிகள். ஆதாயமும் தேவையும் தூண்டியதால் விரைந்து வந்தவை. நீரில் விழுந்தவனைத் தூக்கும் ஏற்பாடு மட்டும் ஒவ்வொரு முறையும் தாமதித்தே வந்தது. உயிர்களை விலையாகப் பெற்றுக்கொண்டே வந்தது. ஒன்றும் நேராத நாட்களில் காவற்கலம் வீண்செலவாகத் தோன்றும். நேர்ந்த நாளிலோ அதைத் தவிர வேறொன்றும் வேண்டுவதில்லை. இதனை உங்களுள் நாளை இஞ்சினீயர்களாகவும் அதிகாரிகளாகவும் வரப்போகிறவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

வரலாறு படிக்கும் முறையிலும் இதற்கு இடமுண்டு. "யார் கண்டுபிடித்தார்?" என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், "யார் சுமந்தார்? யார் அருகே நின்றார்?" என்றும் கேளுங்கள். அணைக்கட்டைப் பற்றிப் படித்தாலும், இருப்புப்பாதையைப் பற்றிப் படித்தாலும், போரைப் பற்றிப் படித்தாலும் இக்கேள்வி பயன்தரும்.

அன்று பின்வரிசையில் எழுந்து நின்ற அந்த மாணவன் இன்று நடுவயதைக் கடந்திருப்பான். எங்கிருக்கிறானோ, அறியேன். இவ்வுரை அவன் செவியில் விழுமாயின், அவனுக்கு நான் சொல்லுவது இதுதான்: தம்பி, நீ கேட்டதே சரியான கேள்வி; உட்காரச் சொன்னது என் பிழை.